மனநல கவுன்சிலரிடம் "இனி வரலைங்க" என்று எப்படிச் சொல்வது?

நூல்கண்டு (திருப்பூர்)

இத்தனை நாள் படிக்க மட்டும் வந்துகொண்டிருந்தேன், இன்றுதான் எழுதுகிறேன். வயது 29. ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், ஆர்டரைக் கவனித்து அனுப்பி வைப்பது என் வேலை. ஷிப்மெண்ட் தேதி நெருங்கினால் தூக்கம் போய்விடும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். பாத்ரூமுக்குள் போய் அழுதுவிட்டு, முகம் கழுவி வந்து, ஆர்டர் கொடுத்த பையருக்கு மெயில் அனுப்புவேன். கூட வேலை பார்க்கும் அக்கா சொல்லி, கோவையில் ஒரு கவுன்சிலரிடம் போக ஆரம்பித்து ஐந்து மாதம் ஆகிறது. ஒரு தடவைக்கு 1,200 ரூபாய். பத்துக்கு மொத்தமாகக் கட்டினால் 10,000 என்றார்கள், கட்டிவிட்டேன். ஏழு முடிந்து மூன்று பாக்கி.

அவர் நல்லவர், அதுதான் சிக்கலே. ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை, டீ கூடத் தருவார். ஆனால் நான் வேலையைப் பற்றி ஆரம்பித்தால் அவர் என் சின்ன வயதுக்குப் போய்விடுகிறார். எங்கள் ஐயன் தறி ஓட்டி எங்களைப் படிக்க வைத்தவர், அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை என்று நாலு தடவை சொல்லியாகிவிட்டது. "அந்தக் கோபத்தைத் தொடப் பயப்படுகிறீர்கள்" என்கிறார். கோபமே இல்லையே! ஆனால் என் வாயில் வருவது என்ன தெரியுமா? "செரிங்க." "ஆமாங்க." "யோசிச்சுப் பார்க்கறனுங்க." திரும்பி வரும் பஸ் கருமத்தம்பட்டியைத் தாண்டும்போதுதான், அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் எல்லாம் வரிசையாக வரும்.

போன வாரம் காய்ச்சல் என்று பொய் சொன்னேன். இந்த வாரம் ஒறம்பரை வீட்டுக் கல்யாணம் என்று சொல்லலாம் என்றிருக்கிறேன். இப்படியே எத்தனை வாரம் ஓட்டுவது? அவர் மனசு நோகாமல் எப்படி முடிப்பது?

மஞ்சள்மண்டி (ஈரோடு)

நான் செய்ததை மட்டும் செய்துவிடாதீர்கள். எட்டுத் தடவை போனேன், ஒன்பதாவதற்கு முன்னால் போனை சைலண்டில் போட்டுவிட்டேன். அவர் இரண்டு முறை அழைத்தார், ஒரு வாட்ஸ்அப் போட்டார், அப்புறம் விட்டுவிட்டார். அப்பாடா என்று இருந்தது. ஏழு மாதம் கழித்துக் கோபிப் பக்கம் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்து தலையை நிமிர்த்தினால் நேர் எதிர் வரிசையில் அவர்! மாப்பிள்ளை வீட்டுக்கு ஒறம்பரையாம். இலையைப் பார்த்துக்கொண்டே ஒப்புட்டைத் தின்றேன், இனிப்பா உப்பா என்றுகூடத் தெரியவில்லை. அவர் ஒரு நொடி பார்த்தார். தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை, பக்கத்து ஆளிடம் பேச ஆரம்பித்துவிட்டார். கோபமாகத்தான் இருந்திருப்பார். எனக்கு அவமானமாகப் போய்விட்டது.

சென்னையில் காணாமல் போகலாம். நம் பக்கம் நாலு பேரைத் தாண்டினால் ஐந்தாவது ஆள் ஒறம்பரை.

ஆழியாறுகாத்து (பொள்ளாச்சி)

காய்ச்சல், கல்யாணம், அடுத்தது எழவுதான். யாரையும் கொன்றுவிடாதீர்கள் அக்கா.

வேப்பநிழல் (சேலம்)

மருத்துவ உளவியலாளராக 14 ஆண்டாக இருக்கிறேன், எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் மஞ்சள்மண்டிக்கு. அவர் கோபத்தில் முகம் திருப்பவில்லை. எங்களிடம் வருகிறவரை வெளியிடத்தில் பார்த்தால் நாங்களாகப் போய்ப் பேசுவதில்லை, அது தொழில் வழக்கம். நீங்கள் சிரித்தால் நாங்களும் சிரிப்போம். இல்லாவிட்டால் நீங்கள் யாரோ, நாங்கள் யாரோ. "இவரை உனக்கு எப்படித் தெரியும்?" என்று பக்கத்து இலைக்காரர் கேட்டால் மாட்டிக்கொள்வது நீங்கள்தானே. அன்றைக்கு அவர் உங்களைக் காப்பாற்றியிருக்கிறார்.

நூல்கண்டு, பாதியில் நிற்பது அபூர்வம் ஒன்றும் இல்லை. 2012இல் 669 ஆய்வுகளைச் சேர்த்து ஒரு கணக்குப் போட்டார்கள். சிகிச்சைக்கு வந்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவர் முடியும் முன்பே நின்றிருந்தார். எனக்கும் ஆட்கள் நின்றிருக்கிறார்கள். ஒருவர் காணாமல் போனால் அன்று சாயங்காலம் கொஞ்சம் வெசனமாகத்தான் இருக்கும், மறுநாள் பத்து மணிக்கு அடுத்தவர் வந்துவிடுவார். எங்கள் மனசைக் காப்பாற்றுவது உங்கள் வேலை இல்லை.

பொருத்தம் என்றால் ஆளைப் பிடிப்பது மட்டும் இல்லை. எட்வர்ட் போர்டின் என்பவர் 1979இல் அதை மூன்றாகப் பிரித்துச் சொன்னார். எதற்காக உட்கார்ந்திருக்கிறோம் என்பதில் இருவருக்கும் ஒரே எண்ணம் இருக்க வேண்டும். அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்பதிலும் உடன்பாடு வேண்டும். மூன்றாவது, ஒருவர் மேல் ஒருவருக்கு ஒரு பிடிப்பு. உங்களுக்கு மூன்றாவது இருக்கிறது, டீ வரைக்கும் இருக்கிறது. முதல் இரண்டும்தான் இல்லை. நீங்கள் ஷிப்மெண்ட் வாரத்தைத் தாண்ட வழி கேட்டு வந்தீர்கள், அவர் உங்கள் ஐயனைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

அந்தச் "செரிங்க" இருக்கிறதே, இந்த வட்டாரத்தில் தொழில் செய்கிறவர்களுக்கு அதுதான் பெரிய பள்ளம். சண்டை போட்டு விலகுகிறவரை உடனே கண்டுபிடித்துவிடலாம். "செரிங்க, செரிங்க" என்றபடியே விலகுகிறவரைப் பற்றி "நல்ல முன்னேற்றம்" என்று ஃபைலில் எழுதிவிடுவோம். நானே எழுதியிருக்கிறேன். நிற்பதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை அவரிடம் சொல்லிப் பாருங்கள். கட்டாயம் என்று சொல்லவில்லை.

தறிச்சத்தம் (குமாரபாளையம்)

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். பிடிக்கவில்லையா, மாற்று, அடுத்த ஆளைப் பார் என்பது எளிது. நான் மூன்று பேரை மாற்றினேன். முதல் ஆள் அதிகம் பேசுகிறார் என்று விட்டேன். இரண்டாவது ஆள் பேசவே இல்லை. மூன்றாவது ஆளிடம் காரணம் சொல்லக்கூட இல்லை, மழை என்று ஒரு நாள் போகவில்லை, அப்படியே நின்றுவிட்டது. நாலாவது ஆளிடம் ஆறாவது வாரம் உட்கார்ந்திருக்கும்போது உறைத்தது. மூன்று பேரிடமும் நான் எழுந்து போனது ஒரே இடத்தில். அண்ணனுக்கும் எனக்கும் தறிக்கூடம் பாகம் பிரித்த பேச்சு வரும், அடுத்த வாரம் எனக்கு அந்த ஆளைப் பிடிக்காமல் போய்விடும்.

இந்தத் தடவை எழுந்து போகாமல் சொன்னேன். "உங்ககிட்டப் பேசினா எங்க எட்டாவது வாத்தியார்கிட்டப் பேசற மாதிரியே இருக்குதுங்க, எப்போ அடி விழும்னு இருக்குது." சொல்லிவிட்டு வியர்த்துவிட்டது. அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நான் எப்படிப் பேசும்போது அப்படி இருக்கிறது?" என்று கேட்டார். அன்றைக்கு முழுக்க அதையேதான் பேசினோம். கேள்வி மேல் கேள்வியாக அடுக்குவதை அவர் குறைத்துக்கொண்டார். இரண்டு வருடமாக அவரிடமே போகிறேன்.

நூல்கண்டுவிடம் ஒன்று கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஐயன் மேல் நிஜமாகவே கோபம் இல்லையா?

நூல்கண்டு (திருப்பூர்)

இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன் அண்ணா. இல்லை. ஒருவேளை ஆழத்தில் இருந்தால் இருக்கட்டும், அதை இன்னொரு நாள் பார்க்கிறேன். எனக்கு வருகிற 25ஆம் தேதி கண்டெய்னர் போக வேண்டும், அதுவரைக்கும் நான் தூங்க வேண்டும். நீங்கள் சொன்ன மாதிரி பேச்சு வலித்து நான் ஓடவில்லை. வலிக்கவே இல்லை, யாரோ ஒருவருடைய கதையைக் கேட்கிற மாதிரி இருக்கிறது.

தறிச்சத்தம் (குமாரபாளையம்)

சரி, அப்படியென்றால் என் கதை உங்களுக்குப் பொருந்தாது. கிளம்புங்கள்.

ஆழியாறுகாத்து (பொள்ளாச்சி)

இதில் இன்னொரு வகையும் இருக்கிறது. ஆளும் நல்லவர், பேச்சும் நன்றாக ஒத்துப்போகும், செய்கிற வைத்தியம்தான் தப்பு.

எனக்குத் தோப்பு மோட்டார். ஸ்டார்ட்டரை அணைத்துவிட்டு வீட்டுக்கு வருவேன், அணைத்தோமா என்று சந்தேகம் வரும், திரும்பப் போவேன். ராத்திரி பத்து மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு ஆரம்பித்தால் பன்னிரண்டு தடவை, பதினைந்து தடவை. அம்மிச்சி "பேய் கீய் புடிச்சிருச்சா" என்று மந்திரிக்கவும் கூட்டிப்போனார். நான் பார்த்த கவுன்சிலர் தங்கமான மனுஷர். "சந்தேகம் வந்தால் எந்த நேரமானாலும் எனக்கு மெசேஜ் போடு, ஸ்விட்சை போட்டோ எடுத்து அனுப்பு, அணைத்திருக்கிறாய் என்று நான் சொல்கிறேன்" என்றார். ஆகா, இப்படி ஒரு மனுஷரா என்று இருந்தது. போட்டோ அனுப்பினால் பத்து நிமிடம் நிம்மதி. அப்புறம் போட்டோ எடுத்தபின் கை பட்டிருக்குமோ என்று சந்தேகம். ஒன்றரை வருடம் இப்படி. பதினைந்து தடவை முப்பதாகிவிட்டது.

அப்புறம் மனநல மருத்துவர் ஒருவர் வேறு உளவியலாளரிடம் அனுப்பினார். அவர் முதல் நாளே சொன்னது, "இனிமேல் யாரும் உங்களுக்கு ஆறுதல் சொல்லக் கூடாது." ஸ்விட்சை ஒரு தடவை அணைக்க வேண்டும், திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும், பதற்றத்தோடு அப்படியே திண்ணையில் உட்கார வேண்டும். முதல் ராத்திரி சட்டை நனைந்துவிட்டது. நாலு மாதத்தில் டார்ச்சை அலமாரியில் வைத்துவிட்டேன்.

பழையவரிடம் முடிவாக ஒன்றும் சொல்லவே இல்லை. அது மட்டும் இன்னும் உறுத்துகிறது.

வேப்பநிழல் (சேலம்)

ஆழியாறுகாத்து சொல்வது ஓசிடி, சந்தேகம் திரும்பத் திரும்ப வந்து சரிபார்க்க வைக்கும் நோய். பயப்படும் இடத்தில் நிறுத்தி, சரிபார்க்க விடாமல் காத்திருக்க வைக்கும் முறை 1966இலிருந்தே வழக்கத்தில் இருக்கிறது, அதற்கு முதலில் பரிந்துரைக்கும் பேச்சு சிகிச்சை அதுதான். உறுதி கேட்கக் கேட்க நோய் வளரும். அந்தப் பழைய கவுன்சிலருக்கு இப்போதும் ஒரு வரி எழுதலாம். "போட்டோ அனுப்பும் முறை எனக்கு அதிகமாக்கியது" என்று எழுதினால் அடுத்து வருகிறவருக்கு உதவும்.

பெயர்வேண்டாம்

நூல்கண்டு அக்கா, உங்கள் ஆள் நல்லவர் என்கிறீர்கள், எழுதுங்கள். எல்லோருக்கும் எழுத வேண்டும் என்று ஆகிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

நான் போன இடத்தில் முதல் நாள் "சொந்த ஊர் எது?" என்று கேட்டார். சொன்னேன். "ஊரில் எந்தப் பக்கம்?" சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, சும்மா பேச்சுவாக்கில் கேட்கிற மாதிரி, "உங்களுக்குக் குலதெய்வம் எந்தக் கோயில்?" நம் பக்கத்தில் இந்த மூன்று கேள்வியும் எங்கே போய் நிற்கும் என்று தெரியாதவர் யார்? கண்டுபிடித்துக்கொண்டார். அடுத்த வாரம் "நீங்க, வாங்க" எல்லாம் "நீ, வா" ஆகியிருந்தது. நான் காதலித்தவர் வீட்டார் என்னை என்ன சொன்னார்கள் என்று அழத்தான் அங்கே போனேன். அதே கேள்வியை அங்கேயும் கேட்டுவிட்டார்கள். எழுந்து வந்துவிட்டேன். அந்த ஆளுக்கு நான் நன்றிக் கடிதம் எழுத வேண்டுமா?

மஞ்சள்மண்டி (ஈரோடு)

வேண்டாம்.

வேப்பநிழல் (சேலம்)

வேண்டாம். ஒரு வரிகூட வேண்டாம், மிச்ச ஃபீஸைப் பற்றியும் கவலைப்பட வேண்டாம். ஆபாசமாகப் பேசினாலும், தொட்டாலும், நீங்கள் சொன்னதை வெளியே சொன்னாலும் இதேதான். அங்கே விடைபெறுதல் என்ற பேச்சே இல்லை. அடுத்த ஆளிடம் முதல் நாளே "போன இடத்தில் என்னிடம் இப்படிக் கேட்டார்கள்" என்று சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டு அவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

போர்வண்டி (திருச்செங்கோடு)

அம்மிணி, எனக்கு ஒரு சந்தேகம். பையனுக்கு 22 வயது, மூணு மாதமாக நாமக்கல்லில் ஒருவரிடம் போகிறான். இப்போது போக மாட்டேன் என்கிறான். பணம் கட்டுவது நான். அந்த டாக்டருக்கு நான் போன் போட்டு, என்ன பேசினீர்கள், ஏன் வர மாட்டேன் என்கிறான் என்று கேட்கலாமா? நான் கேட்டால் மரியாதையாகச் சொல்லுவாருங்களா?

வேப்பநிழல் (சேலம்)

ஐயா, நல்ல ஆளாக இருந்தால் சொல்ல மாட்டார். மரியாதைக் குறைவாக நினைக்காதீர்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, சிகிச்சைக்கு வருகிறவரின் விவரங்களை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. உயிருக்கு ஆபத்து என்பது போன்ற சில நிலைகளுக்குத்தான் விலக்கு. உங்கள் பையனுக்கு 22 வயது, முடிவு அவருடையது. "நீ போகாட்டியும் பரவாயில்ல சாமி, வேற யாரையாச்சும் பார்க்கலாமா?" என்று அவரிடமே கேளுங்கள்.

போர்வண்டி (திருச்செங்கோடு)

செரிங்க. கேட்டேன். "நீங்க அவருக்குப் போன் பண்ணீங்களா?" என்பதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி. நல்லவேளை, பண்ணவில்லை.

பவானிக்கரை (மேட்டூர்)

நான் நர்ஸ். ஒன்றே ஒன்று, இது முக்கியம். கவுன்சிலரை நிறுத்துகிறவர்கள் மாத்திரையையும் சேர்த்து நிறுத்திவிடுகிறார்கள். இரண்டும் வேறு. மன அழுத்த மாத்திரையைத் திடீரென்று விட்டால் தலைசுற்றல், குமட்டல், உடம்பில் கரண்ட் அடிக்கிற மாதிரி ஒரு உணர்வு, தூக்கமின்மை எல்லாம் வரலாம். "நோய் திரும்பிவிட்டது" என்று பயந்துபோய் வருகிறார்கள். மாத்திரை எழுதிய மருத்துவரிடம் கேட்டுத்தான் குறைக்க வேண்டும். பழைய ஆளை விட்டு, புது ஆள் கிடைக்கும் வரை ராத்திரி தாங்கவில்லை என்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம்.

நூல்கண்டு (திருப்பூர்)

எனக்கு மாத்திரை இல்லை. எழுதிவிட்டேன், பாருங்கள்:

"வணக்கம் சார். மன்னிக்கவும். நீங்கள் எனக்கு ரொம்ப உதவி செய்திருக்கிறீர்கள். தவறாக நினைக்க வேண்டாம், மன்னிக்கவும். கம்பெனியில் வேலை அதிகம், பஸ்ஸும் சரியாகக் கிடைப்பதில்லை, அம்மாவுக்கும் உடம்பு சரியில்லை. அதனால் கொஞ்ச நாளைக்கு வர முடியுமா என்று தெரியவில்லை. பிறகு பார்க்கலாம். மறுபடியும் மன்னிக்கவும்."

ஆழியாறுகாத்து (பொள்ளாச்சி)

மூன்று மன்னிக்கவும். அம்மாவையும் படுக்க வைத்துவிட்டீர்கள், சொன்னேன் அல்லவா. திருப்பூருக்கும் கோவைக்கும் பஸ் இல்லை என்றால் யார் நம்புவார்கள்?

மஞ்சள்மண்டி (ஈரோடு)

"பிறகு பார்க்கலாம்" என்பது நம் பக்கத்தில் முடியாது என்று அர்த்தம். பெண் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் சொல்வது. அவர் அதை நம்பி அடுத்த மாதம் போன் செய்தால் என்ன செய்வீர்கள்?

வேப்பநிழல் (சேலம்)

பொய்க் காரணம் கொடுத்தால் அதற்குத் தீர்வு வரும். பஸ் இல்லை என்றால் "ஆன்லைனில் பேசலாமே" என்பார். நானாக இருந்தால் அப்படித்தான் கேட்பேன். நாலு வரி போதும். நிறுத்துகிறேன், இதனால் நிறுத்துகிறேன், மிச்சப் பணத்துக்கு என்ன வழி, நன்றி. என் குறிப்புகளின் சுருக்கம் ஒன்று தாருங்கள் என்றும் கேளுங்கள். புது ஆளிடம் முதலிலிருந்து எல்லாம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, புது ஆளின் படிப்பைக் கேட்டுவிடுங்கள். "கவுன்சிலர்" என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்வது இன்னும் நடக்கிறது. மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்கும், கேட்டால் கோபிக்காமல் தர வேண்டும். பதிவு இருந்தால் பொருத்தமும் இருக்கும் என்று சொல்ல வரவில்லை.

நூல்கண்டு (திருப்பூர்)

மறுபடி எழுதி, படித்துப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன். படித்திருந்தால் அழித்திருப்பேன்.

"வணக்கம் சார். இனி வரவில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். நான் வேலைப் பதற்றத்துக்கு வழி தேடி வந்தேன், நம் பேச்சு பெரும்பாலும் குடும்பத்தைப் பற்றியே இருந்தது. அதை முன்பே சொல்லாமல் 'செரிங்க' என்றே சொல்லிக்கொண்டிருந்தது என் தவறு. மீதி மூன்று தடவைக்கான பணத்தை என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள். குறிப்புகளின் சுருக்கமும் வேண்டும். நீங்கள் பொறுமையாகக் கேட்டதற்கு நன்றி."

தறிச்சத்தம் (குமாரபாளையம்)

"என் தவறு" மட்டும் இல்லாமல் இருந்திருக்கலாம். மற்றபடி பிரமாதம்.

நூல்கண்டு (திருப்பூர்)

இரண்டு நாள் பதில் இல்லை. போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஆழியாறுகாத்து ஸ்டார்ட்டரைப் பார்த்த மாதிரி. இன்று காலை வந்தது. கோபமே இல்லை. "சொன்னது நல்லது, முன்பே நானும் கேட்டிருக்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறார். சுருக்கம் வெள்ளிக்கிழமைக்குள் வருமாம். பஸ்ஸிலேயே அழுதுவிட்டேன், எதற்கென்று தெரியவில்லை.

ஆனால் ஒன்று. 1,600 ரூபாய் திருப்பி அனுப்பியிருக்கிறார். ஏழு தடவைக்கு 1,200 வீதம் 8,400, மீதி 1,600 என்று கணக்கு.

மஞ்சள்மண்டி (ஈரோடு)

இதென்ன கணக்கு? 10,000க்குப் பத்து என்றால் ஒன்றுக்கு 1,000. மூன்றுக்கு 3,000 வர வேண்டும். பாதியில் நின்றால் சலுகை கிடையாது என்று கட்டும்போது சொன்னாரா?

நூல்கண்டு (திருப்பூர்)

இல்லை. ரசீதிலும் இல்லை.

ஆழியாறுகாத்து (பொள்ளாச்சி)

விடுங்கள் அக்கா, 1,400 ரூபாய்தானே. ஆள் மரியாதையாக முடித்திருக்கிறார்.

வேப்பநிழல் (சேலம்)

விட்டாலும் தப்பில்லை. ஆனால் முன்கூட்டிச் சொல்லாமல் இப்படிக் கழித்திருந்தால் கேட்பது உங்கள் உரிமை. அவர் கணக்கர் போட்ட கணக்காகவும் இருக்கலாம்.

நூல்கண்டு (திருப்பூர்)

"செரிங்க, நன்றிங்க" என்று டைப் செய்து வைத்திருந்தேன். அழித்துவிட்டு, "ஒரு தடவைக்கு 1,000 கணக்கில் கட்டினேனுங்க, இன்னும் 1,400 வர வேண்டும், ஒரு முறை பார்த்துச் சொல்லுங்க" என்று போட்டிருக்கிறேன். நீல டிக் விழுந்துவிட்டது. பதில் வரவில்லை. கண்டெய்னருக்கு ஆறு நாள் இருக்கிறது, நான் லேபிள் சாம்பிள் பார்க்கப் போகிறேன்.